ரெண்டாவது ஆளுக்குத்தான் முதல் இட்லி

ஒத்தப்பனை முக்கில் பனை கிடையாது. அதைத் தேடிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நின்று வழி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதையே நான் விட்டுவிட்டேன். பனை இல்லை, முக்கு உண்டு. முக்குக்கு எதிரே என் சைக்கிள் கடை உண்டு. பஞ்சர் ஒட்டுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் எனக்கு எதிர்ச்சாரியை வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. அதனால் நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நம்பிக்கை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்த முக்கில் நாலு தள்ளுவண்டிகள். இட்லி வண்டி தாண்டவராயனுடையது. தள்ளுவண்டிக்காரர் சங்கத்துக்கு இவர்தான் தலைவர். சங்கத்தில் மொத்தமே நாலு பேர். தலைவரைத் தேர்ந்தெடுக்கிற அன்றைக்கு மற்ற மூன்று பேருக்கும் கையைத் தூக்கச் சோம்பலாக இருந்ததால், இவர் தன் கையைத் தானே தூக்கித் தலைவர் ஆனார். பணியார வண்டி வெள்ளையம்மா. சுண்டல் வண்டி சவரிமுத்து. டீயும் சமோசாவும் மஸ்தான் பாய்.

கைப்பக்குவத்தில் நாலு பேரையும் ஒரு குறை சொல்ல முடியாது. தாண்டவராயன் இட்லிப் பானையைத் திறந்தால் என் கடையில் சைக்கிளை விட்டவன் சைக்கிளை மறந்துவிடுவான். புத்தி விஷயத்தில்தான் ஆண்டவன் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கரண்டி ஊற்றிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டான். கெட்ட மனசு துளியும் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி அப்படியே செய்வார்கள். வினையே அதுதான்.

இவர்கள் இந்த ஊரில் வண்டி போடாத இடம் இல்லை. கோயில் வாசலில் நின்றால் தேர் வருகிறது, நகரு. ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் ஆம்புலன்ஸ் வருகிறது, நகரு. பள்ளிக்கூட வாசலில் நின்றால் பரீட்சை நடக்கிறது, நகரு. வெள்ளையம்மாவின் வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்து, நான்தான் மாற்றிக் கொடுத்தேன்.

"அடுப்புல சட்டி காயறதுக்குள்ள நகருங்கிறான்யா. என் பணியாரம் ஒரு பக்கம் ஒரு தெருவுல வேகுது, மறுபக்கம் இன்னொரு தெருவுல வேகுது" என்று அந்த அம்மா ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் பாவமாகவும் இருந்தது.

கடைசியில் நகராட்சிக்கே மனசு இரங்கிவிட்டது. தள்ளுவண்டிக்காரர்களைத் துரத்தக் கூடாது, கைதூக்கிவிட வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். ஒத்தப்பனை முக்கை இந்த நாலு பேருக்கும் ஒரு மாசத்துக்கு ஒதுக்கினார்கள். மாசக் கடைசியில் கமிஷனர் நேரில் வந்து பார்ப்பார். வியாபாரம் ஜோராக நடந்தால் இடம் இவர்களுக்கே நிரந்தரம். தலைக்கு மேல் கூரை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். ஜனம் வரவில்லை என்றால் முக்கை டூவீலர் ஸ்டாண்ட் ஆக்கிவிடுவார்கள். நாலு பேரும் மறுபடி ஊர்வலம் கிளம்ப வேண்டியதுதான்.

இவர்களுக்கு வியாபார நுணுக்கம் சொல்லிக்கொடுக்க எழிலரசி என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். சின்ன வயசு, புது வேலை. இந்த நாலு பேரையும் எப்படியாவது முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அதற்கு நிஜமாகவே ஆசை. வந்த அன்றைக்கு என் கடையில் ஸ்கூட்டிக்குக் காற்று அடிக்கச் சொல்லிவிட்டுக் கேட்டது:

"அண்ணே, இவங்க எல்லாம் எப்படி?"

"சொன்னதைக் கேப்பாங்கம்மா."

"அப்ப பிரச்சினையே இல்லண்ணே!"

நான் காற்றை மட்டும் அடித்துக் கொடுத்தேன். காற்றடிக்கிற கூலிக்கு எச்சரிக்கை வேறு சேர்த்துக் கொடுக்க முடியுமா?

முதல் பாடம் சுத்தம். "உங்க சாப்பாட்டு மேல ஒரு ஈ கூட உக்காரக் கூடாது. அது உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் பெண் போய்விட்டது.

மறுநாள் பார்க்கிறேன், தாண்டவராயன் வண்டி ஓரத்தில் ஒரு தட்டு. தட்டில் சுடச்சுட ஒரு இட்லி. மேலே சர்க்கரை தூவியிருக்கிறது.

"யாருக்கு தலைவரே, தனியா எடுத்து வெச்சிருக்கீங்க?"

"ஈக்கு."

"ஈக்கு எதுக்குய்யா இட்லி?"

"நம்ம சாப்பாட்டுல உக்காரக் கூடாதுன்னா அதுக்குன்னு ஒரு இடம் வேணுமில்ல? இடம் கொடுக்காம துரத்துனா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா? அந்தப் பாவத்தை நாமளும் செய்யணுமா?"

சவரிமுத்துவுக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது.

"தலைவரே, ஈக்கு வெச்ச இட்லியும் சாப்பாடுதானே? அது மேல ஈ உக்காருதே. மேடம் சொன்னதை மீறுனதா ஆகாதா?"

தாண்டவராயன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "ஆகாது. மனுசன் சாப்பிட்டாத்தான் அது சாப்பாடு."

"ஈயும் சாப்பிடுதுல்ல?"

"ஈ சாப்பிட்டா அது ஈயோட சாப்பாடு. நம்ம சாப்பாடு இல்ல."

மஸ்தான் பாய் பாய்லருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "அப்ப ஈயும் உக்காராம, மனுசனும் சாப்பிடாம பானைக்குள்ள கிடக்கே, அது யாரு சாப்பாடு?"

நாலு பேரும் இட்லிப் பானையைப் பார்த்து நெடுநேரம் கவலைப்பட்டார்கள். அதற்குள் மீன் மார்க்கெட்டில் இருந்த ஈ எல்லாம் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டது. வெள்ளையம்மா விசிறியை வைத்துக்கொண்டு, "தள்ளாம ஒண்ணு ஒண்ணா வாங்க" என்று மாலை வரைக்கும் அதுகளை வரிசைப்படுத்தப் பாடுபட்டது. மனுசர் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

எழிலரசி தலையில் அடித்துக்கொண்டு ஈ இட்லியை நிறுத்தியது. அடுத்த பாடம் சொன்னது. "உங்க கடைக்கு வர்றவங்களை உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நடத்துங்க. ஒருதரம் வந்தவங்க மறுபடி மறுபடி வருவாங்க."

மறுநாள் காலை ஒரு பேங்க்காரர் அவசரமாக டீ குடிக்க வந்தார். மஸ்தான் பாய் அவர் செருப்பைக் கழற்றச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்துக் காலைக் கழுவச் சொன்னார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, பெண்ணுக்கு வரன் ஏதும் அமைந்ததா என்று விசாரித்தார்.

"பாய், எனக்கு பஸ் வந்துரும்."

"வந்தா போகட்டும். தங்கிட்டுக் காலையில கிளம்பலாம். இப்ப என்ன அவசரம்?"

மனுசர் எப்படியோ டீயைக் குடித்துவிட்டுக் காசை நீட்டினார். பாய்க்குக் கண் சிவந்துவிட்டது. "விருந்தாளிகிட்ட காசு வாங்குறவன்னு என்னைப் பாத்தா தெரியுதா உங்களுக்கு?" பேங்க்காரர் பயந்துபோய்ப் பஸ் போன திசையில் ஓடினார்.

வெள்ளையம்மா வீட்டு வழக்கம் வேறு. அங்கே நாத்தனார் வந்தால் சும்மா உட்கார்ந்து தின்றுவிட்டுப் போக முடியாது, கூடமாட ஒத்தாசை செய்ய வேண்டும். அதனால் பணியாரம் வாங்க வந்த வாத்தியாரம்மா ஒருவர் வண்டி நிழலில் உட்கார்ந்து கண்ணீரும் கம்பலையுமாகச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போகும்போது வெள்ளையம்மா அவருக்கு மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்துக் கொடுத்தது. பணியாரம் கொடுக்க மட்டும் மறந்துவிட்டது.

சவரிமுத்து வண்டிக்கு முன்னால் ஒருத்தர் நின்று, "சுண்டல் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆளைக் காணோம். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவரு ஊர்ல இல்லீங்க."

எழிலரசி குனிந்து பார்த்தது. சவரிமுத்து முழங்காலைக் கட்டிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே இது?"

"எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா நான் கட்டிலுக்கு அடியிலதான் மேடம் இருப்பேன். சொந்தக்காரன்னா எனக்குப் பயம்."

சரி, விருந்து வேண்டாம் என்று அந்தப் பெண் அடுத்ததாக ஒற்றுமையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது. "ஒருத்தர் வியாபாரத்துல ஒருத்தர் குறுக்க போகாதீங்க. ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுங்க."

இதில் மாட்டியது நான். மறுநாள் பசி தாங்காமல் ரோட்டைத் தாண்டிப் போய் ரெண்டு இட்லி கேட்டேன். "நான் வெள்ளையம்மாக்காவுக்கு விட்டுக்கொடுத்துட்டேன். அங்க போங்க" என்றார் தாண்டவராயன். அங்கே போனேன். "நான் சவரி தம்பிக்கு விட்டுக்கொடுத்துட்டேன்யா" என்றது வெள்ளையம்மா. சவரிமுத்து பாய்க்கு விட்டுக்கொடுத்திருந்தான். பாய் தலைவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். நானும் விடாமல் சுற்றினேன். கோயில் பிராகாரத்தில் இப்படிச் சுற்றியிருந்தாலாவது புண்ணியம் கிடைத்திருக்கும். தலை சுற்றி என் கடைக்கே வந்து, டப்பாவில் நமுத்துப்போய்க் கிடந்த பொரியைத் தின்றேன்.

மாசம் முடிய இருந்தது. இன்னும் ஒருத்தர் வண்டியிலும் முதல் வியாபாரம் ஆகவில்லை. சங்கம் அவசரமாகக் கூடியது.

"மேடம் சொன்னது ஒண்ணு விடாம செஞ்சோம். அப்படியும் யாவாரம் இல்ல. என்ன காரணம்?" என்றார் தாண்டவராயன்.

"போணி சரியில்ல" என்றது வெள்ளையம்மா.

"இன்னும் போணியே ஆகலையேக்கா."

"அதான் சொல்றேன். ஆகாத போணி எப்படிச் சரியா இருக்கும்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். காலையில் முதல் ஆள் வாங்குவதுதான் போணி. அந்தக் கை ராசியான கையாக இருந்தால் நாள் முழுக்க வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று எல்லா வியாபாரிகளும் நம்புவதுதான். இவர்களும் நம்பினார்கள். ஆனால் இவர்கள் நம்பினால் அதோடு விட மாட்டார்களே.

"புது இடம். இங்க முதல் போணியே ராசியில்லாத கையில பட்டுச்சுன்னா ஆயுசுக்கும் விடியாது" என்றார் மஸ்தான் பாய்.

"ராசியான கைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அவன் வாங்கின பிறகு யாவாரம் ஓடுனா ராசியான கை. ஓடலைன்னா இல்ல."

"அப்ப அவன் வாங்கின பிறகு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் அவனுக்குக் கொடுக்கணும்."

இதை எப்படிச் செய்வது என்று நாலு பேரும் வெகுநேரம் குழம்பினார்கள். கடைசியில் சவரிமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னான். "தலைவரே, முதல் ஆள்தானே ஆபத்து? அவனை விட்டுருவோம். ரெண்டாவது ஆள்கிட்ட இருந்து ஆரம்பிப்போம்."

தாண்டவராயன் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வெள்ளையம்மா அவனுக்குத் திருஷ்டி கழித்தது.

மறுநாள் காலை ஒரு லாரி டிரைவர் வந்து இறங்கினார். "நாலு இட்லி வைங்க."

"நீங்க எத்தனையாவது ஆள்?"

"யாருமே இல்லையே. நான்தான் முதல்ல வந்திருக்கேன்."

"கோவிச்சுக்காதீங்க. போயிட்டு ரெண்டாவதா வாங்க."

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார். அடுத்து ஒரு பூக்காரம்மா வந்தது. இவங்கதான் ரெண்டாவது என்று தாண்டவராயன் சந்தோஷமாக மூடியைத் திறந்தார். மஸ்தான் பாய் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"தலைவரே, நில்லுங்க! லாரிக்காரர் எதுவும் வாங்கலையே. வாங்காத ஆளு எப்படி முதல் ஆளாவாரு? அப்ப இந்தம்மாதான் முதல்!"

"அட ஆமாம்! நல்லவேளை!"

பூக்காரம்மாவும் போனது. இப்படியே காலை பூராவும் வந்தவர்கள் எல்லாரும் முதல் ஆளாகவே வந்தார்கள். ரெண்டாவது ஆள் என்று ஒருத்தர் கூட இந்த ஊரில் இல்லையே என்று சவரிமுத்து ஆச்சரியப்பட்டான். ஒரு வழியாக அண்ணன் தம்பி ரெண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். நாலு பேருக்கும் உயிர் வந்தது. அண்ணனைக் கும்பிட்டு, "நீங்க கிளம்புங்க, தம்பிக்குத்தான் கொடுப்போம்" என்று அனுப்பிவைத்தார்கள். அண்ணன் போனதும் தம்பியைத் திரும்பிப் பார்த்தால், அவன் தனியாக நிற்கிறான்.

"இப்ப நீங்கதானே முதல் ஆளு?" என்றார் தாண்டவராயன் வருத்தத்தோடு.

எதிர்க்கடையில் நான் சிரித்த சிரிப்பில், டியூபில் தடவ வேண்டிய சொல்யூஷனை என் விரலில் தடவி ரெண்டு விரலை ஒட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் எழிலரசி வந்தது. "நாளைக்குக் காலையில கமிஷனர் சார் வர்றார். இதுவரைக்கும் எவ்வளவுண்ணே வித்திருக்கு?"

"ரெண்டாவது ஆளு இன்னும் வரல மேடம்" என்றார் தாண்டவராயன்.

அந்தப் பெண் என் ஸ்பானர் பெட்டி மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது. "என்னாலதாண்ணே இவங்க இடம் போகப் போகுது. நான் ஒண்ணுமே சொல்லாம இருந்திருக்கலாம்."

வெள்ளையம்மா வந்து அதன் தலையைத் தடவியது. "அழாத கண்ணு. நீ நல்லதுதான் சொன்ன" என்று தேற்றிக்கொண்டே தானும் அழ ஆரம்பித்துவிட்டது. "இந்த முக்கும் போச்சுன்னா நான் எங்க போவேன்? நின்னு ஒரு ஈடு பணியாரம் சுட இந்த ஊர்ல எனக்கு ஒரு சாண் இடம் இல்லையே."

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரிதாபம்தான் வந்தது. பரிதாபம் வந்தால் மனுசன் வாயை அடக்க வேண்டும். நான் அடக்கவில்லை. "பிச்சாண்டி சாரைக் கூட்டிட்டு வந்து போணி பண்ணச் சொல்லுங்களேன்" என்றேன்.

பிச்சாண்டி சார் போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கைராசிக்காரர் என்று ஊரில் பேர். மூலைத் தெருவில் பெட்டி மாதிரி இருந்த ஒரு ஸ்வீட் கடையில் இவர் முதல் போணி பண்ணினார். இன்றைக்கு அது மாடி மேல் மாடி கட்டி நிற்கிறது. நாலு பேரும் அன்றைக்கே போய்க் காலில் விழுந்து அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள்.

காலையில் பிச்சாண்டி சார் வெள்ளை வேட்டி, விபூதிப் பட்டையோடு வந்தார். "எனக்குச் சக்கரை. இனிப்பு ஆகாது. ரெண்டு இட்லி கொடுங்க, போணி பண்ணிட்டுப் போறேன்."

"இருங்க சார்" என்றார் மஸ்தான் பாய். "தலைவரே, அவரு உங்ககிட்ட வாங்கிட்டு அப்புறம் என்கிட்ட வந்தா, அது அவருக்கு ரெண்டாவது போணியில்ல ஆகும்? டீத்தூளு மாதிரிதான் ராசியும். முதல்ல வடிக்கிறதுல சாரமெல்லாம் இறங்கிடும். எங்களுக்குச் சக்கைதான் மிஞ்சும்."

நியாயமான பேச்சு. தலைவர் சுயநலக்காரர் இல்லை. கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "நாலு வண்டியையும் நாலு பக்கம் ஒட்டி நிறுத்துவோம். சார் நடுவுல நிக்கட்டும். நாலு பேரும் ஒரே நேரத்துல கொடுப்போம்."

"இடது கையில வாங்கக் கூடாது. வலது கை ஒண்ணுதானே இருக்கு?"

"விரல் அஞ்சு இருக்குல்ல? ஆளுக்கு ஒண்ணு."

"கட்டை விரல் மிச்சமாகுதே?"

"அதை ஈக்கு விட்டுருவோம். அதுகளும் நம்மளை நம்பி வந்ததுதான்."

ரோடு அங்கே சரிவு. வண்டிகள் உருண்டுவிடக் கூடாது என்று சவரிமுத்து நாலையும் கயிறு போட்டு ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டினான். முடிச்சு மேல் முடிச்சு. பிச்சாண்டி சார் நடுவில், கன்றுக்குட்டி பட்டிக்குள் நிற்கிற மாதிரி நின்றார். கையை நீட்டச் சொன்னார்கள். ஒரு விரலில் இட்லி, ஒரு விரலில் பணியாரம், ஒரு விரலில் சுண்டல் பொட்டலம். சுண்டு விரலில் மஸ்தான் பாய் கொதிக்கக் கொதிக்க டீ கிளாஸைச் சாத்தினார்.

"ஐயையோ!" என்று சார் போட்ட கூச்சலில் எல்லாம் கீழே விழுந்தது. "யோவ், என்னை வெளியே விடுங்கய்யா!"

"போணி ஆகட்டும் சார், விட்டுடறோம்."

"வெளியே விட்டாத்தான்யா போணி!"

"போணி ஆகாம விட்டா நீங்களும் நாங்க திருப்பி அனுப்பின ராசியில்லாத முதல் ஆளு ஆயிடுவீங்க சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

முடிச்சை அவிழ்க்கலாம் என்று பார்த்தால் கட்டியவனைக் காணோம். சார் சத்தம் போட்டதும் சொந்தக்காரர் ஞாபகம் வந்து சவரிமுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டான். கூச்சலைக் கேட்டு ஜனம் கூடியது. போகிற பஸ் நின்றது. கண்டக்டரே இறங்கி வந்துவிட்டார். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் எம்பி எம்பிப் பார்த்தார்கள். "அங்க என்ன கொடுக்கிறாங்க?" "தெரியல, நெருக்கிப் போ." முக்கு தாங்காமல் கூட்டம் என் கடை வரைக்கும் வந்து முட்டியது.

அந்த நேரம் பார்த்துக் கமிஷனர் ஜீப் வந்து நின்றது. எழிலரசிக்கு முகத்தில் ரத்தம் இல்லை.

கமிஷனர் கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போனார். "என்னம்மா இது! பெரிய ஓட்டல்ல கூட நான் இப்படிப் பாத்ததில்லையே!"

"சார், அது வந்து..."

"வண்டிக்கு நடுவுலயே ஒருத்தர் நிக்கிறாரே, அவர் யாரு?"

"முதல் வாடிக்கையாளர் சார்."

"சாப்பிட்டும் போக மனசில்லாம கையை நீட்டிக்கிட்டே நிக்கிறார் பாரு! கண்ணுல தண்ணி வேற. சட்னி நல்ல காரமோ?"

பிச்சாண்டி சார் கூப்பிட்ட கூப்பாடு ஜனச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. கமிஷனர் ஜீப் படியில் ஏறி நின்று மைக் இல்லாமலே பேசினார்.

"இத்தனை வருசமா உங்களை நகரு நகருன்னு எல்லாரும் விரட்டினாங்க. இன்னைக்கு நான் சொல்றேன். இந்த இடம் இனி உங்களுக்குத்தான். இனிமே நீங்க இங்கேருந்து நகரவே வேண்டாம்!"

ஜனம் கை தட்டியது. வெள்ளையம்மா கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதது. "நகர வேண்டாம்னுட்டாரு! ஒரு ஆபீசர் வாயால நகர வேண்டாம்னுட்டாரு!" நானும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஜீப் போன பிறகு பிச்சாண்டி சார் வண்டிக்கு அடியில் தவழ்ந்து வெளியே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நாலு பேரும் கூடிப் பேசினார்கள்.

"நகர வேண்டாம்னா, கால் மட்டுமா, கையுமா தலைவரே?"

"கால், கைன்னு பிரிச்சுச் சொல்லலையே. மொத்தமாத்தானே சொன்னாரு?"

"கண்ணு?"

"கண்ணு உள்ளுக்குள்ளயேதான் சுத்துது. அது நகர்றதுல சேராது."

"பேசுறது?"

"உதடு நகராம பேசிக்கலாம்."

"கஷ்டப்பட்டு வாங்கின உத்தரவு. ஒரு விரலை ஆட்டி அதைக் கெடுத்துக்கக் கூடாது" என்றது வெள்ளையம்மா. அவரவர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்கள். வெள்ளையம்மா கரண்டியைத் தூக்கியபடி, பாய் டீயை ஆற்றுகிற கோலத்தில், தலைவர் பானை மூடியைத் திறந்த கையோடு. சவரிமுத்து மட்டும் வண்டிக்கு அடியில் உட்கார்ந்தபடி. அவ்வளவுதான். அப்புறம் அசையவில்லை.

கூட்டத்துக்குப் பசி. பார்த்தார்கள், கடைக்காரர்கள் சிலை மாதிரி நிற்கிறார்கள். ஒருத்தர் துணிந்து தானே இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு தின்றார். காசை டப்பாவில் போட்டார். நீ எத்தனையாவது ஆள் என்று உதடு நகராமல் கேட்டது ஜனச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. விட்டுக்கொடுக்கவோ, விருந்தாளியாக்கி விரட்டவோ வழியில்லை. அடுத்தவர் எடுத்தார். அப்புறம் நான் எடுத்தேன். என்ன ருசி!

இப்போது தாண்டவராயன் சம்சாரம் வீட்டிலேயே இட்லி அவித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறது. அந்தம்மாவுக்கு நகரக் கூடாது என்று உத்தரவு எதுவும் இல்லை. பணியார மாவை ஜனங்களே குழியில் ஊற்றி, குச்சியால் திருப்பிப் போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கென்றே குடும்பத்தோடு வெளியூரிலிருந்து வருகிறார்கள். டீயை ஒருத்தர் போட்டு நாலு பேருக்குக் கொடுக்கிறார். ஒத்தப்பனை முக்கில் இப்போது நிற்க இடம் கிடையாது. கூரை போட்டாகிவிட்டது, குழாயில் தண்ணீர் வருகிறது. ராத்திரியில் நாலு பேரும் என்ன செய்கிறார்கள் என்று என்னிடம் கேட்கக் கூடாது. நான் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

எழிலரசி ஒருநாள் வந்தது. நகர வேண்டாம் என்றால் அப்படி இல்லை என்று விளக்கத்தான் வந்தது போலிருக்கிறது. வரிசையைப் பார்த்தது, டப்பாவைப் பார்த்தது, நாலு பேரையும் பார்த்தது. கெட்டிக்காரப் பெண். ஒரு வார்த்தை சொல்லாமல் ரெண்டு பணியாரத்தைத் தானே சுட்டுத் தின்றுவிட்டு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டது.

போன வாரம் நான் இட்லி எடுக்கப் போனபோது தாண்டவராயன் தலையில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. விரட்டாமல் நிற்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தலைவரே, தலையில காக்கா! சூன்னு ஒரு வார்த்தையாவது சொல்லக் கூடாதா?"

அவர் கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்த்தார். பிறகு உதடு பிரியாமல், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"சத்தம் போடாதீங்க. காலையில இருந்து அதுவும் நகரல. அதுக்கும் உத்தரவு வந்திருக்கும்போல."